ஜன்னலோரத்திலிருந்து கண்ணாடிக் குடிலுக்கு: தக்காளி நாற்றை இடம் மாற்றும் முழு வழிமுறை

பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் பாதியிலோ வீட்டுக்குள் விதைத்த தக்காளி, ஏப்ரல் முடிவதற்குள் ஜன்னல் விளிம்பில் இடம் போதாமல் நெருக்கியடித்து நிற்கும். வெளியே வெயில் பளிச்சென்று அடிக்கும். தோட்டத்துக் குடில் காலியாகக் கிடக்கும். இன்றைக்கே தூக்கிப்போய் வைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். பிரிட்டனில் வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் நாற்றைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். விதை நன்றாக முளைத்திருக்கும், நாற்றும் நன்றாக வளர்ந்திருக்கும், இடம் மாற்றிய முதல் வாரத்தில் எல்லாம் கெட்டுப்போகும்.

இங்கே சொல்வதெல்லாம் சூடேற்றும் வசதி இல்லாத, 6க்கு 8 அடி அளவுள்ள சாதாரணக் கண்ணாடிக் குடிலுக்கு. தேதிகள் தென் இங்கிலாந்தை ஒட்டியவை. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருப்பவர்கள் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் தேதியை விட்டுவிட்டு, வெப்பநிலைக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

குளிர் மட்டுமல்ல, வெயிலும்தான்

குடில் என்றால் கதகதப்பு என்று நினைப்பதுதான் முதல் பிழை. சூடேற்றாத குடில் இரவில் வெளிக்காற்றைவிட இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் சூடாக இருப்பதில்லை. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் அந்த வித்தியாசமும் விடிவதற்குள் கரைந்துவிடும். வெளியே 3 டிகிரி என்றால் உள்ளே 4 அல்லது 5 இருக்கும், அவ்வளவுதான். அதே குடில் மறுநாள் மதியம், வெளியே 14 டிகிரியே இருந்தாலும், கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் 35ஐத் தாண்டும். வீட்டுக்குள் இரவும் பகலும் 17க்கும் 21க்கும் இடையிலேயே வளர்ந்த செடிக்கு, ஒரே நாளில் 30 டிகிரி ஏற்ற இறக்கம் என்பது பெரிய அதிர்ச்சி.

வெளிச்சமும் அப்படித்தான். ஜன்னலில் ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டுமே கிடைக்கும், குடிலில் நாலாபுறமும் மேலேயும் கொட்டும். மங்கலான இடத்தில் உருவான இலை மெல்லியது, அதன் மேல்தோல் மெழுகும் குறைவு. திடீரென்று முழு வெயில் பட்டால் இலை உறிஞ்சும் ஒளியைப் பயன்படுத்தவும் முடியாது, தண்ணீரைக் காத்துக்கொள்ளவும் முடியாது. வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து காகிதம் மாதிரி காய்ந்துவிடும். குளிரில் செத்தது என்று பலர் நினைக்கும் நாற்றுகளில் கணிசமானவை உண்மையில் வெயிலில் வெந்தவைதான்.

எப்போது மாற்றலாம்

நாட்காட்டியைப் பார்ப்பதைவிடக் குறைந்தபட்ச-அதிகபட்ச வெப்பமானி ஒன்றை வாங்கி, செடி நிற்கப்போகும் உயரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் எண்ணைக் குறித்துவையுங்கள். இந்தத் தோட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள கருவி கிடையாது, விலையும் அதிகமில்லை.

உள்ளே இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழே போகவில்லை என்றால் நடலாம். 10க்குக் கீழே தக்காளி சாகாது, ஆனால் வளராது. 5க்குக் கீழே இரண்டு மூன்று இரவு நின்றால் திசு சேதமாகும், அதிலிருந்து மீண்டு வர வாரக்கணக்கில் ஆகும். உறைபனி பட்டால் ஒரே இரவில் முடிந்தது. தென் இங்கிலாந்தில் இந்த நிலை சாதாரணமாக மே முதல் பாதியில் வரும். ஏப்ரல் நடுவிலேயே நட்ட செடியும் மே 10இல் நட்ட செடியும் ஜூன் கடைசியில் ஒரே உயரத்தில் நிற்பதுண்டு, சில சமயம் பின்னால் நட்டது முந்தியும் போகும். அவசரப்பட்டு எந்த லாபமும் இல்லை.

காற்றைப் போலவே மண்ணின் சூட்டையும் பாருங்கள். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் காலை நேரத்தில் 14 டிகிரியாவது இருக்க வேண்டும். சமையலறை வெப்பமானியைக் குத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

செடியின் பக்கமிருந்து பார்த்தால், 9 சென்டிமீட்டர் தொட்டியில் இருக்கும் நாற்று 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமாகி, முதல் பூங்கொத்தில் ஒன்றிரண்டு பூ மலரத் தொடங்குவதுதான் நல்ல தருணம். அதற்கு முன்பே பெரிய இடத்தில் நட்டால் இலையும் தண்டுமாகத் தழைத்து முதல் கொத்துக் காயைக் கோட்டை விடும். வெகுவாகத் தாமதித்தாலும் வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டு, அடியிலை மஞ்சளாகும். குடில் தயாராவதற்குள் நாற்று முந்திக்கொண்டால், 13 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றி வீட்டிலேயே இன்னும் இரண்டு வாரம் வையுங்கள். பசியோடு சின்னத் தொட்டியில் காத்திருக்க விடாதீர்கள்.

குடிலைத் தயார் செய்வது

மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

கண்ணாடியை உள்ளும் புறமும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். குளிர்காலப் பாசியும் தூசும் படிந்த கண்ணாடி வெளிச்சத்தை நன்றாகவே தடுக்கும். அலுமினியச் சட்டத்தின் இடுக்குகளில்தான் சிவப்புச் சிலந்தி குளிர்காலத்தைக் கழிக்கிறது, அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது வீண்வேலை இல்லை. பிறகு தோட்டக் கிருமிநாசினியை அதன் உறையில் சொன்ன அளவில் கலந்து தட்டு, தொட்டி, மூங்கில் குச்சி எல்லாவற்றையும் கழுவி, இரண்டு மூன்று நாள் கதவைத் திறந்து போட்டு வாடை போகவிடுங்கள்.

கூரை ஜன்னலுக்குத் தானாகத் திறக்கும் கருவி இல்லையென்றால் இப்போதே பொருத்துங்கள். உள்ளே ஒரு குழாயில் மெழுகு இருக்கும். சூட்டில் அது விரிந்து தண்டைத் தள்ளி ஜன்னலைத் திறக்கும், மின்சாரம் தேவையில்லை. 16 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும்படி திருகி வைக்கலாம். ஒரு குறை: மெழுகு சூடாகப் பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும். திடீரென்று மேகம் விலகும் நாளில் அதை மட்டும் நம்பக்கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போவது நல்லது.

நடுவதற்கான கம்போஸ்ட் (தொட்டியில் நிரப்பக் கடையில் விற்கும் மண்கலவை) மூட்டைகளை ஒரு வாரம் முன்பே குடிலுக்குள் போட்டுவையுங்கள். கடை வாசலில் மழையில் கிடந்த மூட்டை 6, 7 டிகிரியில் இருக்கும். அதைப் பிரித்த கையோடு நட்டால் வேர் விறைத்துப்போகும். தண்ணீருக்கும் இதே விதிதான். குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீர் ஏப்ரலில் வேருக்கு ரொம்பக் குளிர்ச்சி. பூவாளியை நிரப்பிக் குடிலுக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்துவிட்டால் மறுநாளைக்குப் பதமாகிவிடும்.

பழக்கும் பத்து நாள்

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். தாண்டக்கூடாததும் இதுதான். செடி வளர்க்கும் மின்விளக்கின் கீழ் வளர்ந்த நாற்றாக இருந்தாலும் சரி, தெற்குப் பார்த்த ஜன்னலில் வளர்ந்ததாக இருந்தாலும் சரி.

முதல் இரண்டு நாள்: காலை பத்து மணிக்குக் கொண்டுபோய், குடிலின் நிழல் பக்கத்தில், தரையில் வையுங்கள். மேலே ஒரு மடிப்பு ஃபிளீஸ் துணி (செடிகளுக்குப் போர்த்தும் மெல்லிய தோட்டத் துணி). இரண்டு மூன்று மணி நேரம் போதும், பிறகு வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

மூன்றாம், நான்காம் நாள்: அரை நாள். காலை வெயில் படலாம், பதினோரு மணிக்கு மேல் ஃபிளீஸ் நிழல் வேண்டும். கதவு திறந்தே இருக்கட்டும். உள்ளே வரும் காற்றில் தண்டு லேசாக அசைவதுதான் அதைத் தடிக்க வைக்கிறது. வீட்டுக்குள் காற்றே படாமல் வளர்ந்த தண்டு நீளமாக இருக்குமே தவிர வலு இருக்காது.

ஐந்து முதல் ஏழாம் நாள் வரை: முழுப் பகல். மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை மட்டும் நிழல். மேகமூட்டமான நாள் என்றால் நிழலே வேண்டாம். மாலை ஐந்து மணி வாக்கில் வீட்டுக்குத் திருப்புங்கள்.

எட்டாம் நாளிலிருந்து: நிழலை எடுத்துவிட்டு, இரவையும் பழக்குங்கள். வானிலை முன்னறிவிப்பில் இரவு 8 டிகிரிக்கு மேல் சொன்னால் உள்ளேயே விட்டு, இரண்டு மடிப்பு ஃபிளீஸ் போர்த்துங்கள். ஃபிளீஸ் ஏறக்குறைய இரண்டு டிகிரி காப்பு தரும். துணி இலையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் தொட்ட இடம் குளிர்ந்துவிடும், அதனால் குச்சி நட்டு அதன்மேல் போர்த்துங்கள். காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். 8க்குக் கீழே சொன்னால் சோம்பல் படாமல் வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுங்கள். ஒரே தட்டில் எல்லாத் தொட்டிகளையும் வைத்திருந்தால் இது ஐந்து நிமிட வேலை.

இந்தப் பத்து நாளில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், வாட விடாதீர்கள். உரம் எதுவும் வேண்டாம். இலையின் பச்சை கருத்து, தொட்டால் சற்றுத் தடிப்பாகத் தெரிந்தால் செடி பழகிவிட்டது.

நட்ட பிறகு திடீர்க் குளிர் வந்தால் முழுக் குடிலையும் சூடாக்க முயல வேண்டாம், மின்கட்டணம் தாங்காது. செடிகள் நிற்கும் மூலையை மட்டும் ஃபிளீஸ் கூடாரமாக்கி, தெர்மோஸ்டாட் உள்ள சின்ன மின் ஹீட்டரைத் துணியிலிருந்து தள்ளி, அதில் படாதபடி வையுங்கள். தோட்டக் குடிலுக்கென்றே செய்த ஹீட்டராக இருக்க வேண்டும். வீட்டு ஹீட்டரை ஈரமான இடத்தில் வைப்பது உயிருக்கு ஆபத்து, இணைப்பும் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்புள்ளதாக இருக்க வேண்டும். பாரஃபின் அடுப்பு வாங்கத் தோன்றும். ஒரு லிட்டர் பாரஃபின் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் கண்ணாடியில் படியும், பூஞ்சைக்கு அது விருந்து. திரி சரியாக எரியாவிட்டால் எத்திலீன் வாயு வேறு வந்து பூவை உதிர்க்கும். கட்டாயம் வைத்தே ஆக வேண்டுமென்றால் கூரை ஜன்னலை ஒரு விரல் இடைவெளி திறந்து வையுங்கள்.

எதில் நடுவது

மூன்று வழி உண்டு. முதலாவது தொட்டி: 30 சென்டிமீட்டர் விட்டம், 12 முதல் 15 லிட்டர் கொள்ளளவு, ஒரு தொட்டிக்கு ஒரு செடி. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் சரி. மண் சீக்கிரம் சூடாகும், நோய் வந்தாலும் ஒரு செடியோடு நிற்கும்.

இரண்டாவது குரோபேக், அதாவது கம்போஸ்ட் நிரப்பி விற்கும் நீளமான பை. உறையில் மூன்று செடி என்று போட்டிருக்கும், இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பையில் மண் ஆழம் குறைவு, ஜூலை வெயிலில் மூன்று செடிக்குத் தண்ணீர் கொடுத்து மாளாது. பையில் நேரடியாக நடுவதைவிட, அதன்மேல் அடிப்பாகம் வெட்டிய தொட்டியைப் பதித்து அதில் நட்டால் வேருக்குக் கூடுதல் ஆழம் கிடைக்கும். பையின் அடியில் வடிகால் ஓட்டை போட மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது குடிலின் தரை மண். வேர் ஆழமாகப் போகும், தண்ணீர்த் தொல்லை குறைவு. ஆனால் வருடா வருடம் அதே மண்ணில் தக்காளி நட்டால் வேரைத் தாக்கும் பூஞ்சையும் நூற்புழுவும் சேர்ந்துகொண்டே போகும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நோய் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டிய ஒட்டு நாற்று வாங்கி நட வேண்டும்.

எதில் நட்டாலும் செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் விடுங்கள். 6க்கு 8 அடிக் குடிலில் ஒரு பக்கத்துக்கு நான்கு என்று எட்டு செடிக்கு மேல் வைப்பது பேராசை. காற்றோட்டம் போய்விட்டால் ஆகஸ்டில் சாம்பல் பூஞ்சை வந்து கணக்கைச் சரிசெய்துவிடும்.

நடும் நாள்

மிதமான, மேகம் கலந்த நாளின் காலை நேரம் சரி. ஊரில் நாற்று நடவு என்றால் சாயங்காலம்தான். அங்கே பகைவன் மதிய வெயில். இங்கே இரவு குளிர்வதற்குள் வேர் புது மண்ணோடு ஒட்டிக்கொள்ள ஒரு பகல் பொழுது வேண்டும்.

நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நாற்றுத் தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த வேர்க்கட்டியைப் புது மண்ணுக்குள் வைத்துவிட்டால், சுற்றிலும் எவ்வளவு ஈரம் இருந்தாலும் உள்ளே நனையாமலே கிடக்கும்.

நிரந்தரத் தொட்டியில் முக்கால் பாகம் கம்போஸ்ட் நிரப்பி, நடுவில் குழி எடுங்கள். விதையிலைகளையும், மண்ணுக்குள் போகப்போகும் அடியிலைகளையும் கிள்ளிவிடுங்கள். நாற்றுத் தொட்டியை ஒரு கையால் கவிழ்த்து, இன்னொரு கையின் விரல்களுக்கு நடுவே தண்டு வரும்படி வேர்க்கட்டியைத் தாங்கி வெளியே எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. இலை ஒன்று ஒடிந்தால் வேறு வரும், தண்டு நசுங்கினால் செடியே போயிற்று. வேர் அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுற்றை மட்டும் விரலால் தளர்த்துங்கள், கட்டியை உடைக்க வேண்டாம்.

கயிற்றில் ஏற்றிக் கட்டப் போகிறீர்கள் என்றால், கயிற்றின் நுனியை இப்போதே வேர்க்கட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, மறுநுனியைக் கூரைச் சட்டத்தில் தளர்வாகக் கட்டுங்கள். வேர் வளர்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சட்டத்தில் கட்ட இடமில்லாவிட்டால் ஐந்து ஆறு அடி மூங்கில் குச்சியை நடும்போதே ஊன்றுங்கள், பிறகு ஊன்றினால் வேரைக் கிழிக்கும்.

விதையிலை இருந்த மட்டம் வரை, இன்னும் சற்று மேலே கூட, தண்டைப் புதைக்கலாம். தக்காளித் தண்டில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். ஜன்னலில் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்த நாற்றுக்கு இதுவே வைத்தியம். மிக நீளமாக இருந்தால் ஆழக் குழி தோண்டாமல், வேர்க்கட்டியைச் சாய்த்துப் படுக்க வைத்து நுனியை மட்டும் நிமிர்த்தி மூடுங்கள். மேல் மண் சூடாக இருப்பதால் அது இன்னும் வேகமாக வேர் பிடிக்கும். ஒட்டு நாற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும், புதைந்தால் மேல் தண்டு தன் சொந்த வேரை விட்டு, ஒட்டுக் கட்டியதன் பலனே போய்விடும்.

மண்ணை விரலால் லேசாக அழுத்தி, செடிக்கு ஒரு லிட்டர் பதமான தண்ணீர், அடியில் மட்டும். தண்டைச் சுற்றி எட்டு வடிவத்தில் தளர்வாக ஒரு கட்டு.

முதல் மூன்று வாரம்

நட்ட அன்று கொடுத்த தண்ணீருக்குப் பிறகு மூன்று நான்கு நாள் கையைக் கட்டிக்கொண்டிருங்கள். சின்ன வேர், பெரிய தொட்டி, குளிர்ந்த மண். இந்த நிலையில் தினமும் ஊற்றினால் வேருக்கு மூச்சு முட்டும். விரலை இரண்டாவது கணு வரை நுழைத்துப் பாருங்கள், அங்கே காய்ந்திருந்தால் மட்டும் அரை லிட்டர். மதியம் இலை லேசாகத் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். காலையிலும் தொங்கினால்தான் தாகம். ஊற்றுவது எப்போதும் காலையில். ஜூலையில் இதே செடி வெயில் நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கும், அது வேறு கதை.

காலையில் உள்ளே 15 டிகிரியைத் தொட்டதும் கதவைத் திறங்கள். மே மாதம் முழுக்க மாலை நாலரை ஐந்துக்கு, வெயில் இறங்குவதற்குள் மூடிவிடுங்கள். பகல் சூட்டைக் கொஞ்சம் உள்ளே பிடித்து வைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

பக்கக் குருத்துகள் இலைக்கும் தண்டுக்கும் இடையே முளைக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டரில் காலை வேளையில் பக்கவாட்டில் மடக்கினால் சட்டென்று ஒடியும். சன்கோல்ட், ஷெர்லி, மணிமேக்கர், அய்ல்சா கிரேக் போல உயர்ந்து வளரும் வகைகளுக்கு மட்டும் இது. நம்மூர் பி.கே.எம். 1 போன்ற புதர் வகையில் கிள்ளினால் விளைச்சலையே கிள்ளி எறிந்ததாகும்.

பூ மலர்ந்ததும் மதிய வேளையில் கயிற்றையோ குச்சியையோ விரலால் தட்டுங்கள். மகரந்தம் உதிரும். குண்டுத்தேனீ உள்ளே வருமானால் அதன் அதிர்வே போதும், கதவு திறந்திருந்தால் அது தானாக வரும். இரவு 13 டிகிரிக்குக் கீழே இருந்தாலும், பகல் 32க்கு மேல் போனாலும் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். முதல் கொத்து காய்க்காமல் போனால் பெரும்பாலும் காரணம் இதுதான், உரப் பற்றாக்குறை அல்ல.

பொட்டாஷ் கூடுதலான தக்காளி உரத்தை முதல் கொத்தில் காய் பட்டாணி அளவு வந்த பிறகே தொடங்குங்கள், வாரம் ஒரு முறை. புது கம்போஸ்டில் ஐந்தாறு வாரத்துக்கு வேண்டிய சத்து இருக்கிறது.

என்ன தவறும், ஏன்

இலையின் அடிப்புறம் ஊதா நிறமாவது: மண் குளிர்ச்சி. பாஸ்பரஸ் மண்ணில் இருக்கும், குளிர்ந்த வேரால் எடுக்க முடியாது. உரம் போட்டால் தீராது. இரவில் ஃபிளீஸ் போர்த்தி, தொட்டியைக் கல் தரையிலிருந்து உயர்த்தி மரப்பலகையில் வையுங்கள். சூடு ஏறியதும் புது இலை பச்சையாக வரும்.

வெள்ளைக் காகிதத் திட்டு: வெயில். அந்த இலை திரும்பாது, ஆனால் பச்சை மிச்சமிருக்கும் வரை பறிக்க வேண்டாம். நான்கைந்து நாள் மதிய நிழல் கொடுங்கள்.

இலை மேல்நோக்கிச் சுருள்வது: பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வித்தியாசம் அதிகம். நிறம் சரியாக இருந்தால் விட்டுவிடலாம். மருந்து தெளிக்கிறவர்கள் வீணாகப் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.

தண்டின் அடி கருத்து மெலிந்து சாய்வது: பழைய கம்போஸ்ட், கழுவாத தொட்டி, மூடியில்லாத மழைநீர்த் தொட்டித் தண்ணீர் ஆகியவற்றிலிருந்து வரும் பூஞ்சை. காப்பாற்ற முடியாது. மண்ணோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். நாற்றுப் பருவத்தில் குழாய்த் தண்ணீரே பாதுகாப்பு.

இலையடியில் சொரசொரப்பான சிறு கொப்புளம்: வேர் குடித்த தண்ணீர் ஈரமான காற்றில் இலை வழியாக வெளியேற முடியாமல் செல்கள் வெடித்தது. தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

நுனி இலைகள் பெரணி மாதிரி ஒடுங்கி முறுக்கிக்கொள்வது: வைரஸாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே மூட்டைக் கம்போஸ்டிலோ எருவிலோ நட்ட எல்லாச் செடிக்கும் ஒரே சமயத்தில் வந்தால், அதில் களைக்கொல்லி மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அமினோபிராலிட், குளோபிராலிட் வகை மருந்துகள் புல்வெளியில் அடிக்கப்பட்டு, குதிரையும் மாடும் தின்று சாணம் வழியே எருவுக்கு வந்துவிடும். தெரியாத இடத்து எருவை வாங்கினால், நடுவதற்கு ஒரு மாதம் முன்பே அதைக் கம்போஸ்டோடு கலந்து ஒரு தொட்டியில் அவரை விதை நாலைந்து போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று இலை விட்ட பிறகும் அவரை நேராக வளர்ந்தால் தக்காளிக்கும் நம்பிப் போடலாம்.